டோலில் நுழையாமல் வெளியே வந்தவள்

அன்றைக்கு அந்த வேனில் இருந்தது ஐந்து பேர். ஓட்டியது முனியாண்டி அண்ணன், வேன் அவருடையது. அவர் பக்கத்தில் கிராணி ராஜகோபால் ஐயா, எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் முப்பது வருடம் எழுத்து வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், கோலாலம்பூரில் இருக்கும் மகளைப் பார்க்கக் கிளம்பியவர். நடு சீட்டில் என் வீட்டுக்காரர் மணியம், விடியாத இருட்டிலும் கறுப்புக் கண்ணாடியோடு. அவர் தோளில் கை வைத்தபடி நான், பஞ்சவர்ணம். பின்னால் லெட்சுமி அக்கா. திரிங்காப்பில் சின்னதாகப் பூத்தோட்டம் வைத்திருப்பவர். காலடியில் ஆறு வாளி சாமந்தி, தலைநகரத்துப் பூக்கடைக்கு. இந்த ஐந்து பேரையும் எத்தனையோ தடவை விரல்விட்டு எண்ணியிருக்கிறேன், என்னைத் தவிர வேறு யார் மேலாவது கொஞ்சம் பழியைத் தள்ளிவைக்க முடியுமா என்று. முடியவில்லை.

நான் ராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து கல்யாணமாகி இந்த மலைக்கு வந்தவள். பிரிஞ்சாங்கிலிருந்து மேலே ஏறினால் தேயிலை தவிர வேறு எதுவும் கண்ணில் படாத ஒரு வளைவில், தோட்டத்து ஆட்களுக்கு வரிசையாகக் கட்டின லைனில் எங்கள் வீடு. வந்து பதினோரு வருடம் ஆகிறது. குளிர் பழகிவிட்டது, மலாய் பாதி பழகிவிட்டது, பேச்சுக்குப் பேச்சு 'லா' போடுவதும் பழகிவிட்டது. பழகாதது ஒன்றுதான். இங்கே டோலில் ஆள் கிடையாது. கண்ணாடிக் கூண்டு இருக்கும், உள்ளே பெரும்பாலும் காலி. வெளியே ஒரு கம்பத்தில் கறுப்புப் பெட்டி. அதில் காசு ஏற்றிவைத்த கார்டைத் தட்டினால் கட்டை தூக்கும். தட்டவே வேண்டாத லேன்களும் பக்கத்திலேயே உண்டு. தானாகக் காசு எடுக்கிற வில்லையைக் கண்ணாடியில் ஒட்டிய பெரிய கார்கள் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். காசு வாங்க ஆள் இல்லாத இடத்தில் கெஞ்சவும் ஆள் இல்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. அங்கே நம்ம ஊர் டோல்கேட்டில் தொண்டை கிழியச் சண்டை போடுகிறீர்களே, உங்களுக்கு ஒன்று சொல்கிறேன்: சண்டை போட முடிகிற வரைக்கும் அது நம்ம ரோடுதான்.

நான் ஊரைவிட்டுக் கிளம்பின நாளில் கடைசியாகப் பார்த்ததும் ஒரு டோல்கேட் சண்டைதான். திருச்சி ஏர்போர்ட்டுக்கு வாடகைக் காரில் போகிறோம். என் அண்ணன் முன்னால் உட்கார்ந்திருந்தான். கூண்டுக்குள் இருந்த பையன் காசு கேட்டதும், "லோக்கல் வண்டி தம்பி, நாங்க இந்த ஊரு" என்றான். பையன் நம்பர் பிளேட்டை எட்டிப் பார்த்துச் சிரித்தான். "எந்த லோக்கலுண்ணே? இது வேற மாவட்டத்து வண்டி." அண்ணன் விடவில்லை. தங்கச்சி வெளிநாடு போகிறாள், நல்ல நேரம் முடியப் போகிறது, பின்னால் பார் எத்தனை வண்டி, ரோட்டைப் பார் பள்ளத்தை, இதுக்கு ஒரு காசா என்று ஏறி ஏறிப் பேசி, கடைசியில் அந்தப் பையன் தலையில் கை வைத்துக்கொண்டு கட்டையைத் தூக்கிவிட்டான். அண்ணன் ஜெயித்த முகத்தோடு திரும்பி என்னைப் பார்த்தான். நான் அழுதுகொண்டிருந்தேன், சிரிப்பும் வந்துவிட்டது. உலகத்தில் எந்தக் கட்டையையும் இப்படிப் பேசித் தூக்கிவிடலாம் என்ற நினைப்போடுதான் நான் விமானம் ஏறினேன்.

மணியத்துக்கு இந்த மலையில்தான் பிறப்பு. தோட்டத்தில் லோரி டிரைவர். பறித்த கொழுந்தை ஃபேக்டரிக்கு ஏற்றி இறக்குவது, மற்ற நாளில் கீழே தாப்பா வரைக்கும் சாமான் கொண்டு போவது. சர்க்கரை வியாதி முதலில் அவருடைய வலது கண்ணை எடுத்துக்கொண்டது. நாங்கள் தாமதமாகப் போனோம், அது தெரிந்த தப்பு. போன வருடம் இடது கண்ணிலும் மேலேயிருந்து ஒரு கறுப்புத் திரை இறங்க ஆரம்பித்தது. ஈப்போவில் பார்த்தார்கள், கண்ணுக்குள் இருக்கிற விழித்திரை கழன்றுகொண்டு வருகிறது, கோலாலம்பூரில்தான் செய்ய முடியும், சீக்கிரம் என்று எழுதிக் கொடுத்தார்கள். அங்கிருந்து தேதி வந்தது. வெறும் வயிற்றோடு வர வேண்டும். காலை பத்தரைக்குள் வார்டில் பதிய வேண்டும். தவறினால் இடம் அடுத்த ஆளுக்கு. அந்தக் கடைசி வரியை நான் நர்ஸிடம் மூன்று தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன். ஏன் கேட்டேன் என்று இப்போது என்னையே நொந்துகொள்கிறேன், கேட்டுக் கேட்டு நானே அதை எழுதி வாங்கிக்கொண்டது மாதிரி இருக்கிறது.

எப்படிப் போவது என்பதில் நாலு நாள் வாதம் நடந்தது, எங்கள் வீட்டு வாசலிலேயே. கிராணி ஐயா ரயில் கட்சி. "முதல் நாளே தாப்பா ரோட் ஸ்டேஷனுக்கு இறங்கி ரயில் ஏறும்மா. ரெண்டு மணி நேரத்துல கே.எல். ராத்திரி தங்கிட்டு காலையில எந்திரிச்சுப் போனா ஆஸ்பத்திரி கையெட்டுற தூரம். டோல்காரனுக்கு எதுக்கு அழுவுற? ரோடு போட்ட காசு எப்பவோ அவனுக்கு வந்திருச்சு. இன்னமும் நம்ம பாக்கெட்டுக்குள்ள கையை விட்டுக்கிட்டே இருக்கான்."

முனியாண்டி அண்ணன் விடுவாரா. "ஐயா, ரயிலு தாப்பா ரோட்டுல இருந்துதானே கிளம்புது? நம்ம லைன்ல இருந்து அங்க வரைக்கும் யாரு, துரை வந்து முதுகுல தூக்கிட்டுப் போவாரா?"

"அதைத்தான்யா நானும் சொல்றேன். இத்தனை வருசமா வாங்கின டோல் காசுல மலைக்கு நாலு பஸ் விட்டிருந்தா..."

"விடலையே ஐயா. விட்டிருந்தா நானும் ஏறியிருப்பேன். இல்லாத பஸ்ஸுக்கு எத்தனை நாளா டிக்கெட் கிழிச்சிக்கிட்டே இருக்கீங்க!"

லெட்சுமி அக்கா பூவை எண்ணிக் கட்டிக்கொண்டே சொன்னார்: "அஞ்சு பேரு ஒரே திசையில போறோம். ஆளுக்கொரு வண்டியா எடுக்கப் போறோம்? கொங்சி போட்டுப் போலாம் லா. எண்ணெய் அண்ணனோடது, டோல் நானும் வர்ணமும் பாதிப் பாதி." கொங்சி என்றால் இங்கே கூட்டாகப் பங்கு போட்டுக்கொள்வது. வீடானாலும் வண்டியானாலும் ஆட்டுக்கறியானாலும் அந்த ஒரே சொல்தான்.

முடிவு என் கையில் விட்டார்கள். முதல் நாளே போனால் தங்குவதற்கு ஓட்டல் செலவு, இல்லாவிட்டால் மணியத்தின் சித்தப்பா மகன் வீட்டில் போய் நிற்க வேண்டும். கண் தெரியாதவரைக் கூட்டிக்கொண்டு ஒரு அடுக்குமாடி வீட்டில் ராத்திரி போய்க் கதவைத் தட்ட எனக்குக் கூச்சம். மறுநாள் காலை முதல் ரயிலில் போனால் நேரத்துக்கு எட்டாது. பஸ் அதற்கும் மேல். "வேன்லேயே போயிரலாம்" என்றேன். கிராணி ஐயா, "சரிம்மா, உன் இஷ்டம். நானும் வேன்லதான் வரேன், தனியா ரயில்ல போயி யார்கிட்ட சண்டை போடுறது?" என்றார். எல்லாரும் சிரித்தோம்.

ஐந்து மணிக்குக் கிளம்பினோம். பனி கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு வந்தது. பதினெட்டு வருடமாக அந்த மலைப்பாதையில் லோரி ஓட்டினவருக்குக் கண் எதற்கு. மணியம் உடம்பு சாய்வதை வைத்தே வளைவைச் சொல்லிக்கொண்டு வந்தார். "இப்போ எடது பக்கம் ஒடிக்கும், பிரேக்கைத் தொடாத முனியா, கியரைக் குறை." கொஞ்ச நேரம் கழித்து, "ஈரக் காத்து வருது. அருவி தாண்டிட்டோம்." முனியாண்டி அண்ணன், "டேய், நீ ஓட்டுறியா நான் ஓட்டுறேனா?" என்றார். பூ வாசனை வண்டி முழுக்க ஏறியிருந்தது. மணியம் மூக்கை உறிஞ்சிவிட்டு, "இத்தனை சாமந்தியோட என்னை எங்க கொண்டுட்டுப் போறீங்க? ஆஸ்பத்திரிக்குத்தானே, வேற எங்கயும் இல்லையே?" என்றார். லெட்சுமி அக்கா பின்னாலிருந்து அவர் தலையில் ஒரு குட்டு வைத்தார். "வாயைக் கழுவுங்க தம்பி. வரும்போது கண்ணு தெரியும், என் மூஞ்சியைப் பார்த்து நல்லா இருக்கீங்களாக்கான்னு கேட்பீங்க." நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அன்றைக்கு நான் கடிகாரத்தைப் பார்த்த மாதிரி வேறு எதையும் பார்க்கவில்லை.

தாப்பாவில் சிவப்பு விளக்கில் நின்றபோது மறுபடியும் வாதம் தொடங்கியது. டோல் இல்லாத பழைய ரோடும் அங்கிருந்து தெற்கே போகிறது. ஊர் ஊராக, விளக்கு விளக்காக நின்று நின்று போகும். காசு மிச்சம், நேரம் போய்விடும். "தங்கச்சி, சொல்லு. பழைய ரோடா, டோலா?" என்றார் முனியாண்டி அண்ணன். கிராணி ஐயா ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான், "டோலுண்ணே, டோலுண்ணே" என்று கத்தியேவிட்டேன். அந்த ஐயா திரும்பி என் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். இத்தனை வருடப் பழக்கத்தில் அவர் ஒரு வாதத்தைப் பாதியில் விட்டதை நான் அன்றுதான் பார்த்தேன்.

நுழைகிற டோலில் லெட்சுமி அக்கா தன் கார்டை முன்னால் நீட்டினார். அண்ணன் தட்டினார், கட்டை தூக்கியது, கார்டு திரும்ப அக்கா கைக்குப் போனது. நான் மனசுக்குள் குறித்துக்கொண்டேன்: முதல் டோல் அக்கா கொடுத்தாயிற்று, அடுத்தது என்னுடையது. எங்கள் ஊரில் அப்படித்தானே. ஒவ்வொரு கேட்டையும் தாண்டும்போது அந்தக் கேட்டுக்கு உரிய காசு. தாண்டினால் தீர்ந்தது. இங்கே நுழையும்போது தட்டுவது பேர் பதிகிற மாதிரி, வெளியே வரும்போது அதே கார்டைத் தட்டினால்தான் எவ்வளவு தூரம் வந்தோம் என்று கணக்குப் பார்த்துக் காசை எடுக்கும் என்பது எனக்குத் தெரியாது. பதினோரு வருடத்தில் டோல் ரோட்டில் நாலைந்து தடவை போயிருப்பேன், எல்லாமே பஸ்ஸில். பஸ்ஸில் போகிறவளுக்கு டோல் எதற்குத் தெரிய வேண்டும்?

இந்த இடத்தில் என் படிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். மக்குப் பெண் இல்லை. ஒன்பதாவதுக்குப் பக்கத்து ஊர் போக வேண்டும், எட்டு கிலோமீட்டர். காலையில் ஒரு பஸ், சாயந்தரம் ஒரு பஸ். ஒரு மழைக்காலத்தில் கண்மாய்ப் பாலம் உடைந்ததும் பஸ் வருவதை நிறுத்திக்கொண்டது. பாலத்தைச் சரிசெய்த பிறகும் பஸ் திரும்பி வரவில்லை. பையன்கள் சைக்கிளில் போனார்கள். என்னைக் கருவேல மரம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிற வேலைக்கு அனுப்பினார்கள். இப்போது அங்கே டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டே இல்லை என்று அம்மா போனில் பெருமையாகச் சொல்கிறாள். சந்தோஷம்தான். எனக்கு வர வேண்டியது இருபத்தைந்து வருடம் தாமதமாக வந்திருக்கிறது, நான் கடல் தாண்டிப் போன பிறகு. அதனால் பஸ்ஸா டோலா என்கிற பேச்சு எனக்குப் பொழுதுபோக்கு இல்லை. என் வாழ்க்கையில் இரண்டு தடவை ஒரு வண்டி நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. முதல் தடவை என் படிப்பு போனது.

தலைநகரத்தை நெருங்கும்போது நெரிசல். இருந்தும் கடைசி டோலுக்கு வந்தபோது மணி ஒன்பது நாற்பது. நேரம் இருந்தது. சாமி சத்தியமாக நேரம் இருந்தது. லெட்சுமி அக்கா கண் அசந்திருந்தார். முனியாண்டி அண்ணன் ரோட்டைப் பார்த்தபடியே பின்னால் கை நீட்டி, "கார்டு" என்றார். என் முறை. புதிதாக வாங்கி ஐம்பது ரிங்கிட் போட்டு, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் வைத்திருந்த என் கார்டை அவர் கையில் வைத்தேன். அக்காவை எழுப்பாமல் என் பங்கை நானே கொடுக்கிறேன் என்று கொஞ்சம் நிமிர்ந்துகூட உட்கார்ந்தேன்.

கட்டை தூக்கவில்லை. சிவப்பாக ஏதோ எழுத்து ஓடியது. அண்ணன் மறுபடி தட்டினார், துடைத்துவிட்டுத் தட்டினார். "காசு இருக்கா இதுல?" "அம்பது இருக்குண்ணே." பின்னால் ஹாரன். ஒன்று, இரண்டு, அப்புறம் எண்ண முடியவில்லை. அண்ணன் கம்பத்தில் இருந்த பொத்தானை அமுக்கினார். ஒரு குரல் மலாயில் காத்திருக்கச் சொன்னது. பின்னால் போக முடியாது, முன்னால் போக முடியாது. பக்கத்து லேனில் வில்லை ஒட்டிய கார்கள் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தன. அவர்களும் எங்கேயோ அவசரமாகத்தான் போயிருப்பார்கள். ஆனால் அவர்களுடைய அவசரத்துக்கு வழி இருந்தது.

ஐந்து நிமிடம் கழித்து மஞ்சள் சட்டை போட்ட ஒரு மலாய்ப் பெண் நடந்து வந்தது. சின்னப் பெண், நல்ல முகம். எனக்குப் பொறுக்கவில்லை. கதவைத் திறந்து இறங்கிவிட்டேன். எங்கள் ஊரில் இப்போது கண்ணாடியில் ஒட்டின ஃபாஸ்டேக் வேலை செய்யாவிட்டால் என்ன செய்வார்கள்? என் அண்ணன் போனில் சொல்லியிருக்கிறான். இரட்டிப்புக் காசை ரொக்கமாகக் கொடுத்துவிட்டுப் போவார்கள். டோல் இருபதுக்குள்தான் வரும் என்று தெரியும். பர்ஸிலிருந்து இரண்டு இருபது ரிங்கிட் தாளை எடுத்து அந்தப் பெண்ணின் கையில் திணித்தேன். "காக், சுவாமி சாக்கிட், மாத்தா. தோலோங்" என்றேன். அக்கா, புருஷனுக்கு நோவு, கண்ணு, உதவி பண்ணுங்க என்று அர்த்தம். அந்தப் பெண் நெருப்பைத் தொட்ட மாதிரி கையை உதறிக்கொண்டு இரண்டடி பின்னால் போனது. தாள் இரண்டும் தார் ரோட்டில் விழுந்தன. "தக் போலே, காக்! தக் போலே!" கூடாது, கூடாது. நான் குறைவாகக் கொடுத்துவிட்டேன் போல என்று நினைத்து இன்னொரு பத்தையும் எடுத்து நீட்டினேன். அந்தப் பெண் நெஞ்சில் மாட்டியிருந்த கருவியில் பேசி மேலதிகாரியைக் கூப்பிட்டது.

நான் லஞ்சம் கொடுக்கிறேன் என்று அந்தப் பெண் நினைத்தது. முறைப்படி அபராதம் கட்டுகிறேன் என்று நான் நினைத்தேன். இரண்டு பேருமே நேர்மையாக நடந்துகொண்டோம். அதில்தான் என் வீட்டுக்காரருடைய நேரம் போனது.

கட்டையைத் தூக்கி வேனை ஓரமாக நிறுத்தச் சொன்னார்கள். ஓரத்தில் ஒரு சின்ன ஆபீஸ். மேலதிகாரி வந்தார். எந்த டோலில் நுழைந்தீர்கள்? தாப்பா. எந்தக் கார்டு? முனியாண்டி அண்ணன் அடித்துச் சொன்னார், "இதே கார்டுதான்." அந்தக் கார்டுகள் எல்லாம் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். கம்ப்யூட்டரில் பார்த்தார்கள். இந்தக் கார்டு எங்கேயும் நுழையவில்லை என்றது அது. நுழையாத கார்டு என்றால் ரோட்டின் கடைசி முனையிலிருந்து வந்ததாகக் கணக்காம்; அதற்கு என் ஐம்பது போதாது. அண்ணனுக்கு முகம் கறுத்துவிட்டது, தன்னைத் திருடனாக்குகிறார்கள் என்று. அவர் சத்தமாகப் பேச, கிராணி ஐயா நடுவில் புகுந்தார். முப்பது வருடம் துரைமாருக்குக் கடிதம் எழுதின இங்கிலீஷில், ரோடு யாருடையது, கம்பெனிக்கு அதை யார் கொடுத்தது, இன்னும் எத்தனை வருடம் வசூல் பண்ணப் போகிறார்கள் என்று அந்த அதிகாரியை நிற்கவைத்துக் கேட்டார். எல்லாமே நியாயமான கேள்விதான். எங்கள் வாசலில் உட்கார்ந்து கேட்டபோது நான்கூடத் தலையாட்டியிருக்கிறேன். அன்றைக்கு அவர் காலில் விழுந்து நிறுத்தச் சொல்லலாம் போல இருந்தது. அதிகாரி கையைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, என் பக்கம் திரும்பி, பாஸ்போர்ட் என்றார்.

பர்ஸிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுத்தேன். கணவன் விசாவில் இருக்கிறவள் நான், வருடா வருடம் புதுப்பிக்கிறவள். லஞ்சம் என்று எழுதிவிட்டால் என்ன ஆகும், திருப்பி அனுப்பிவிட்டால் இந்த மனிதருக்கு யார் சோறு போடுவார்கள் என்று காதில் ஒரே இரைச்சல். கார்டைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று புரிந்தது. ஆனால் அக்கா கார்டு முதல் டோலுக்கு, என் கார்டு இரண்டாவது டோலுக்கு என்பதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அதில் தப்பு இருக்க முடியும் என்றே எனக்குத் தோன்றவில்லை. வேன் கண்ணாடி வழியாக மணியம் தெரிந்தார். நேராக, எதையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். எந்தப் பக்கமும் உடம்பு சாயாததால் எங்கே இருக்கிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை.

அதுவரை வேனிலேயே அசந்து தூங்கின லெட்சுமி அக்கா அப்போதுதான் எழுந்து, கழிவறைக்குப் போய்விட்டு ஈரக் கையோடு வந்தார். மேஜையில் கிடந்த என் கார்டைப் பார்த்தார். "இது யாரு கார்டு? தாப்பாவுல தட்டினது என்னோடதுல்ல? இந்தா, என்கிட்டதானே இருக்கு!"

அவ்வளவுதான். அக்காவின் கார்டைத் தட்டினார்கள், பதினேழு ரிங்கிட் எடுத்தது, முடிந்தது. அதிகாரி பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு, நல்லவிதமாகவே, அடுத்த தடவை கவனம் என்றார். அந்தச் சின்னப் பெண் தார் ரோட்டில் விழுந்த தாள்களை எடுத்து மடித்து என் கையில் வைத்தது. வேனுக்குள் உட்கார்ந்திருந்த மணியத்தை அதுவும் பார்த்திருந்தது. கண் கலங்கி ஏதோ சொன்னது. எனக்குக் கேட்கவில்லை, நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து முப்பத்தைந்து.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தது பதினொன்று பத்துக்கு. இடம் அடுத்த ஆளுக்குப் போயிருந்தது. நான் அழுதேன், கெஞ்சினேன், அண்ணன் டோல்கேட்டில் பேசின மாதிரி ஏறி ஏறிப் பேசினேன், நாற்காலியில் உட்கார்ந்திருந்த மணியம் என் புடவையைப் பிடித்து இழுக்கிற வரைக்கும். "விடு வர்ணம். அந்த ஆளுக்கும் கண்ணுதானே." ஒன்பது நாள் கழித்து வேறு தேதி கொடுத்தார்கள். ஒன்பது நாளும் கிராணி ஐயா மகள் வீட்டு ஹாலில் படுத்துக் கிடந்தோம். முதல் நாள் ராத்திரி ஒருவர் வீட்டில் தங்கக் கூச்சப்பட்டவள் நான்.

ஆபரேஷன் நடந்தது. மூன்று மாதம் ஆனது, ஆறு மாதம் ஆனது. வெளிச்சம் தெரிகிறது அவருக்கு. ஆள் வந்தால் நிழல் தெரிகிறது. யார் என்று தெரியாது. லோரி சாவியை ஆபீஸில் ஒப்படைத்தாயிற்று. அந்த ஒன்பது நாளால்தான் இப்படியா என்று டாக்டரிடம் கேட்டேன். "ஒன்பது நாளில் பெரிய வித்தியாசம் வந்திருக்காது" என்றார். 'பெரிய' என்று ஏன் சொன்னார்? சின்ன வித்தியாசம் வந்திருக்குமா? சின்ன வித்தியாசம் என்றால் எவ்வளவு, ஒரு முகம் தெரிகிற அளவா? கொழுந்து பறிக்கும்போது, தண்ணீர் பிடிக்கும்போது, இதை எழுதும்போது எல்லாம் அந்த ஒரு சொல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது மாதம் ஒரு தடவை கண் பரிசோதனைக்குப் போகிறோம். முதல் நாளே, ரயிலில். கிராணி ஐயா சொன்னது சரி என்று சொல்ல மாட்டேன். மலையிலிருந்து தாப்பாவுக்கு ஒரு பஸ், அது வந்தால் உண்டு. அங்கிருந்து ஸ்டேஷனுக்கு டாக்ஸி, அதற்குக் கேட்கிற காசில் பாதி டோல் கட்டிவிடலாம். வேன்தான் சரி என்றும் சொல்ல மாட்டேன். ஐந்து பேர் பங்கு போட்டுப் போனால் செலவு பங்காகிறது, ஆனால் ஒருத்தி தப்புப் பண்ணினால் ஐந்து பேரும் நிற்க வேண்டும். டோல் கூடாது என்றும் சொல்லத் தெரியவில்லை, அன்றைக்கு டோல் டோல் என்று கத்தினவள் நான்தானே. ஒன்று மட்டும் தெரிகிறது. பணம் இருக்கிறவனுக்கு ஒரு வழி போதும், அது அவன் வாசலிலிருந்தே ஆரம்பிக்கிறது. எங்களுக்கு மூன்று வழி, மூன்றும் பாதியிலிருந்து ஆரம்பிக்கின்றன. புதிதாக இங்கே வந்திருக்கிற நம் ஆட்களுக்குச் சொல்கிறேன், நுழைந்த கார்டிலேயே வெளியே வாருங்கள். இவ்வளவு சின்ன விஷயத்தை எனக்கு யாரும் சொல்லவில்லை, யாரையும் கேட்க எனக்கும் தோன்றவில்லை.

"இங்க வந்திரு, மதுரையில காட்டலாம்" என்கிறாள் அம்மா. மணியத்துக்கு அந்த ஊரில் ஒரு வளைவுகூடத் தெரியாது. இங்கே சாயந்தரம் லைன் முன்னால் உட்கார்ந்து, கீழே போகிற லோரிச் சத்தத்தை வைத்தே எந்த வளைவில் எந்த டிரைவர் என்று சொல்லிவிடுவார். அங்கே போனால் அவர் முழுக் குருடர். இங்கே இருந்தால் நான் பாதி ஆள். என் அந்தக் கார்டு இன்னும் பர்ஸில் இருக்கிறது, உள்ளே ஐம்பது ரிங்கிட்டோடு. அந்த இயந்திரத்தின் கணக்கில் நான் எங்கேயும் நுழையாமல் வெளியே வந்து நிற்கிறவள். சில நாள் அதை எடுத்துப் பார்க்கும்போது, அது டோலைப் பற்றி மட்டும் சொன்னதாகத் தோன்றுவதில்லை.

என் பங்கு டோல் காசை அடுத்த வாரமே திரிங்காப்புக்குக் கொண்டு போனேன். லெட்சுமி அக்கா வாளியில் பூவை அடுக்கியபடி, கையை நீட்டாமலே பேசினார். "ஆஸ்பத்திரிக்குப் போன காசை உன் கையால வாங்க மாட்டேன் வர்ணம். தம்பி வரட்டும். என் மூஞ்சியைப் பார்த்து, நல்லா இருக்கீங்களாக்கான்னு கேட்டுட்டு அவரே கொடுக்கட்டும். அப்ப வாங்கிக்கிறேன்." வார்த்தை கொடுத்துவிட்டார். மாற மாட்டார். ஒவ்வொரு பரிசோதனை முடிந்து வரும்போதும் அந்த வழியாகத்தான் வருகிறோம். மணியம் பூ வாசனை வந்ததும் தலையைத் திருப்புவார். அக்கா வேலையை விட்டுவிட்டு எழுந்து, வெளிச்சம் விழுகிற பக்கமாக முகத்தைக் காட்டிக்கொண்டு, பேசாமல் நிற்பார். நானும் அக்காவும் மணியத்தின் வாயையே பார்த்துக்கொண்டிருப்போம். இன்று வரைக்கும் பாக்கி எட்டு ரிங்கிட் ஐம்பது சென்.